வேட்டி வேண்டாங்கப்பா

முன்னால் நிற்கிறவரின் காலரில் ஒரு பிசிறு தொங்குகிறது. அதை நான் பார்க்கவே கூடாது. பார்த்தால் கை போகும், கை போனால் அவர் திரும்புவார், திரும்பினால் என்ன வேணும் என்று இங்கிலீஷில் கேட்பார், அதற்கு நான் என்ன சொல்வது, அரை விரல் நீளத்துக்கு நூலை விட்டுவிட்டார்கள், எங்கள் பனியன் கம்பெனியாக இருந்தால் இந்தப் பீஸ் செக்கிங் மேசையைத் தாண்டியிருக்காது என்றா? கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். திருப்பூர்க்காரனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் அவன் அம்மனைப் பார்ப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறவனின் தையலைத்தான் பார்ப்பான் என்று ரத்னா சொல்வாள், மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எதிரில் கோல்ஃப் மைதானத்துப் புல், புல்லுக்கு நடுவில் ஒரு கொடி, கொடிக்கு அடியில் ஒரு குழி, சுற்றிலும் ஒரு கயிறு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐம்பது அறுபது பேர். எல்லா ஆண்களும் சொல்லிவைத்த மாதிரி காலர் வைத்த டி-சர்ட், உள்ளே விட்டுப் பெல்ட் போட்ட பேண்ட், தலையில் தொப்பி. ஜீன்ஸ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒருவர் மட்டும் கட்டம் போட்ட அரைக்கால் சட்டையில், கெண்டைக்கால் முடி காற்றில் ஆட நிற்கிறார். அது மரியாதையான உடுப்பாம். கணுக்கால் வரை மறைக்கிற வேட்டி இருந்தால் பொருந்தாதாம். ஆனால் அப்படி மைதானம் சொல்லவில்லை. வேட்டியை எங்கேயும் தடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, மைதானம் சொல்லியிருந்தால் வாசலிலேயே ஒரு பிடி பிடித்திருப்பேன், அந்தச் சண்டை எனக்குச் சர்க்கரைப் பொங்கல். சொன்னது என் மகள் நித்திலா. மகளிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

வேட்டி வேண்டாங்கப்பா. அவ்வளவுதான் சொன்னாள். போனில், முந்தாநாள், சாப்பிட்டுக்கொண்டே. கடைசி நாள் ஆட்டத்துக்கு வாங்க, கடைசிக் குழிகிட்ட வந்து நின்னாப் போதும், காலர் வெச்ச டி-சர்ட், பேண்டு, அடி தட்டையா இருக்கற ஷூ, அப்புறம் வேட்டி வேண்டாங்கப்பா. வாங்க என்று அவள் வாயால் கூப்பிட்டதே பெரிது, இந்த ஆட்டம் ஆட ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் ஒருமுறைதான் பார்க்கப் போயிருக்கிறேன், அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் மனசு என்ன செய்கிறது, ஆயிரம் பீஸில் ஒரு பீஸ் ஓட்டையாக இருந்தால் அந்த ஒன்றையே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டுவிட்டது. ஏன் வேண்டாம்? வேட்டி கட்டினால் அசிங்கமா? என் மகள் என்னைப் பற்றி வெட்கப்படுகிறாளா? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாக வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையைத் தவிர எதையும் போட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த பயர்களையே வேட்டியில்தான் பார்த்தேன், அவர்கள் வேட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ரத்னாவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி, “ஏனுங்க, புள்ள கூப்புட்டதே பெருசு. துணியப் பத்தி ஒரு பேச்சா? போயி மொத அவ சாப்புட்டாளான்னு கேளுங்க” என்றாள். அவளுக்கு நேரில் பார்க்கத் தைரியம் கிடையாது, அதனால் வீட்டிலேயே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள்.

பேண்ட் போட்டு வீட்டிலிருந்து இறங்க முடியுமா? எதிர்வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படிப்பார். என்னங்க குழந்தைவேலு, மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா, மாப்பிள்ளையாவே போறீங்களா என்பார். அதனால் வேட்டியிலேயே கிளம்பிக் கம்பெனிக்குப் போய், ஆபீஸ் ரூமைச் சாத்திக்கொண்டு உடுப்பை மாற்றினேன். கட்டுக்கட்டாக அடுக்கிவைத்திருந்த சரக்கிலிருந்து ஒரு பையைப் பிரித்தேன். வேடிக்கையைப் பாருங்கள், இந்த விளையாட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கென்றே வெளிநாட்டுக்காரன் எங்களிடம் தைத்து வாங்குகிற டி-சர்ட் அது. எத்தனை வருஷமாக அனுப்புகிறோம், யார் போடுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அடர்த்தியான பச்சையாகப் பார்த்து எடுத்தேன். புல்லோடு புல்லாக நின்றுவிடலாம், அவள் கண்ணை உறுத்த வேண்டாம் என்று. நானே இல்லாத மாதிரி நின்றுவிட்டுப் போகலாம் என்று. மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் வாட்ச்மேன் மாரப்பன், “யாருங்க வேணும்? மொதலாளி இன்னிக்கி வரமாட்டாருங்க” என்றான். முகத்தைப் பார்க்கவேயில்லை, பேண்டைத்தான் பார்த்தான். பிறகு அடையாளம் தெரிந்து அவனுக்கு வந்த இருமல் நான் காரை எடுக்கும் வரைக்கும் நிற்கவில்லை. அவிநாசி ரோடு முழுக்க இடுப்பில் பெல்ட் அழுத்தியது. வெளியே விட்ட சட்டைக்குள் வயிறு ஒரு குடும்ப ரகசியமாக இருந்தது, இப்போது மேடை போட்டு ஏற்றிவிட்டேன். சட்டைப் பையும் இல்லை. கண்ணாடி, போன், பேனா எல்லாவற்றையும் நெஞ்சின் இடது பக்கம் தொட்டுத் தொட்டே பழகிய கை இன்னும் அங்கேயே போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிறது.

சிரிக்கிறார்கள். வந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன். வாசலில் டிக்கெட் கிழித்தவர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இதோ குடை பிடித்து நிற்கிற அந்த அம்மாள் பார்க்கிறார், பார்த்துவிட்டு அன்பாகத்தான் சிரிக்கிறார், ஆனால் எதற்கு? வயிறா? உள்ளே விட்டது சரியில்லையா? எத்தனை பேருக்கு மத்தியில் நின்றாலும் இவன் வேட்டிக்காரன் என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்குமோ? புலி வேஷம் போட்டவன் மாதிரி இருக்கிறேனோ? நித்திலா இதற்குத்தான் பயந்தாளோ? கூட ஆடுகிற பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், அவர்கள் எல்லாம் தொப்பியைத் தலையில் வைக்கிற விதமே வேறு, பிறந்தபோதே வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த ஒருமுறை. அவளுக்குப் பன்னிரண்டு வயது, இதே கோயம்புத்தூர்தான், ஆனால் வேறு மைதானம். நன்றாகச் சலவை செய்த வேட்டி, கஞ்சி மொடமொடக்க, முன்வரிசையில் போய் நின்றேன். ஆடிக் காற்று. அவள் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், முகம் அப்படியே மாறிப்போனது, குனிந்து உருட்டினாள், பந்து கையெட்டும் தூரத்துக் குழியில் விழாமல் தாண்டி ஓடியது. வரும்போது காரைச் சாலையோரம் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த முகம் ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நினைத்தேன், தெரிந்த பதிலை எவன் வாயைக் கொடுத்து வாங்கிக்கொள்வான்? பத்து வருஷமாக அந்தக் கேள்வியைப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். முந்தாநாள் அவள் வேட்டி வேண்டாங்கப்பா என்றதும் பெட்டி தானாகத் திறந்துகொண்டது.

அங்கே தூரத்தில் மூன்று பெண்கள் வருகிறார்கள். நடுவில் வருகிறவள்தான், தோளை லேசாகச் சாய்த்து நடப்பாள், ரத்னாவின் நடை. பந்து எங்கிருந்தோ பறந்து வந்து புல்லில் விழுந்து, யோசித்து, நின்றது. கைதட்டினார்கள். “யாரோட பந்துங்க?” என்று குடை அம்மாளிடம் கேட்டேன். “நித்திலாவோடது. இந்த ஒண்ணு உள்ள போயிருச்சுன்னா அந்தப் பொண்ணுக்குப் பெரிய ஆட்டத்துல எடம் கெடைச்சிரும்” என்றார். “என்ற புள்ளைங்க” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். அவள் வெட்கப்படுகிற அப்பாவாக இருந்தால் நானாக எதற்குத் தண்டோரா போடுவது? பந்துக்கும் குழிக்கும் நடுவில் பத்தடி இருக்கும். பத்தடி அவளுக்கு ஒன்றுமில்லை. ஏழு வயதில் அதைப்போல ஐந்து மடங்கு நீளமான எங்கள் கட்டிங் மேசையில் ஏறி நின்று ஆடியவள். ஒரு பயர் பிள்ளைக்கென்று விளையாட்டு மட்டை ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வெட்டக் கோடு போட்ட துணி விரித்துக் கிடக்கும், அவள் மேசையின் இந்தக் கோடியில் பந்தை வைப்பாள், அந்தக் கோடியில் டீ கிளாஸைப் படுக்கப் போடுவாள். “மொதலாளி, பாப்பாவ எறக்குங்க, மார்க் கலையுது” என்று கட்டிங் மாஸ்டர் அந்தோணி கத்துவார், கத்திவிட்டு அவரே கிளாஸை நேராக வைத்துக் கொடுப்பார். துணியில் ஒரு போக்கு இருக்கிறது, ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் பிடிக்கும். அவள் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உருட்டுவாள். பந்து கிளாஸுக்குள் விழும்போது டொக் என்று ஒரு சத்தம். அத்தனை மெஷின் இரைச்சலிலும் எனக்கு அது கேட்கும். ஆபீஸ் ரூமில் பயரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் கேட்கும். இப்போதெல்லாம் அவளுக்குக் கை நடுங்குகிறதாம். போன ஆட்டத்தில் இதைவிடப் பக்கத்தில் கிடந்ததைத் தவறவிட்டாளாம், கை பேச்சைக் கேக்க மாட்டேங்குதும்மா என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள், அம்மாவிடம்தான், என்னிடம் இல்லை. இன்றைக்கும் நடுங்கினால்? பெரியாண்டவா, கையை மட்டும் பார்த்துக்கொள், என்னைப் பற்றி அவள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

வந்துவிட்டாள். நான் முன்னால் நிற்கிறவரின் தோளுக்குப் பின்னால் ஒதுங்குகிறேன், ஆனால் மனிதர் இதுதான் சமயமென்று ஷூ கயிற்றைக் கட்டக் குனிகிறார், நான் தனியாக நிற்கிறேன், பச்சையாக, வயிறாக. அமைதி என்று எழுதிய அட்டையை ஒருவர் தூக்கிப் பிடிக்கிறார். மற்ற இரண்டு பேரும் உருட்டி முடித்தார்கள். நித்திலா குனிந்து புல்லைப் பார்க்கிறாள், நிமிர்கிறாள், பந்துக்கு மேலே வந்து நிற்கிறாள். கை. ஐயோ, கை நடுங்குகிறது, இங்கிருந்தே தெரிகிறது, மட்டையின் நுனி ஊசிக் காதில் நூல் கோக்கிற மாதிரி தடுமாறுகிறது. எங்கேயோ ஒரு மயில் கத்தி நிறுத்துகிறது. வெயில் மேற்கேயிருந்து நேராக என்மேல் அடிக்கிறது. அவள் தலையை லேசாகத் திருப்புகிறாள், ஏதோ கண்ணில் பட்டது போலக் கண்ணைச் சுருக்குகிறாள், பந்தை விட்டு ஒரு அடி பின்னால் வைக்கிறாள். என்னைப் பார்க்கிறாள். என் முகத்தை இல்லை, நெஞ்சை. அவள் முகம் மாறுகிறது. அதே மாற்றம், பன்னிரண்டு வயதில் பார்த்த அதே முகம். போச்சு. வந்திருக்கவே கூடாது. எந்த உடுப்பில் வந்தாலும் நான் நான்தானே, அதை எந்தக் காலர் மறைக்கும்? அவள் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாளா? அவள் பார்த்த இடத்தை நானும் குனிந்து பார்க்கிறேன்.

எக்ஸெல் எக்ஸெல் எக்ஸெல் எக்ஸெல். வலது நெஞ்சில் மேலிருந்து கீழாக, ஒரு சாண் நீளத்துக்கு, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு, சைஸ் ஸ்டிக்கர். பயர் வலது பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்று சொன்னதும், இடது பக்கம் ஒட்டிய பேக்கிங்காரர்களை நான் திட்டித் தீர்த்ததும் போன மாதம். இருபத்தைந்து வருஷமாக நான் பார்த்த டி-சர்ட் எல்லாம் ஸ்டிக்கரோடுதான், ஸ்டிக்கர் இல்லாத பீஸைப் பார்த்தால்தான் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், காலையில் கண்ணாடி முன்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பீஸ் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தவன் நான்தான். மாரப்பனுக்கும் தெரியவில்லை, அவன் கண்ணும் எங்கள் கம்பெனிக் கண். ஊருக்கெல்லாம் பிசிறு பார்த்தவன் நெஞ்சில் ஒரு சாண் விளம்பரம். புல்லோடு புல்லாக நிற்க வந்தவன் வெயிலில் தகரம் மாதிரி மின்னிக்கொண்டு நிற்கிறான். பிய்த்துவிட வேண்டும். நுனியைப் பிடித்து இழுக்கிறேன். சர்ர்ர்ர். அந்த அமைதியில் அது கிழிகிற சத்தம் எனக்கே இடி மாதிரிக் கேட்டது. அட்டைக்காரர் திரும்பினார். அரைக்கால் சட்டைக்காரர் திரும்பினார். பாதி பிய்ந்து தொங்குகிற ஸ்டிக்கரை நெஞ்சோடு சேர்த்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன், மாரடைப்பு வந்தவன் மாதிரி. இன்னும் இழுத்தால் சத்தம் வரும், விட்டால் மின்னும். அப்படியே நின்றேன். நித்திலா திரும்பினாள். கண்ணில் தண்ணீர், ஆனால் பல் தெரிகிறது, இவள் சிரிக்கிறாள், அழவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடிக்கிறாள், ஏழு வயதில் மேசையிலிருந்து இறக்கிவிட்டால் சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. குனிந்தாள். கையால் புல்லை ஒருமுறை தடவினாள், துணியைத் தடவுகிற மாதிரி. மட்டையை வைத்தாள். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் பச்சைப் பச்சையாக ஏதோ ஓடியது. ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

டொக்.

அதற்குப் பிறகு இரைச்சல். நான் கண்ணைத் திறந்தபோது முன்னால் நின்றவர் துள்ளிக்கொண்டிருந்தார், குடை அம்மாள் குடையைக் கீழே போட்டுவிட்டார், நான் “என்ற புள்ளைங்க, அது என்ற புள்ளைங்க” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. “தெரியுமுங்க, மூக்குலயே தெரியுது” என்றார் அவர். நித்திலா யார் யாரிடமோ கைகொடுத்துவிட்டு நேராகக் கயிற்றுக்கு வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. பொத்தியிருந்த என் கையை எடுத்துவிட்டு மீதி ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் பிய்த்தாள்.

“ஏனுங்கப்பா, பேக்கிங்ல யாரும் பாக்கலீங்களா?”

“சாப்புட்டியா சாமி?” என்றேன், இல்லையென்று தலையாட்டினாள். ரத்னா சொன்னது அது ஒன்றுதான் வாயில் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. “வேட்டியக் கட்டீட்டு வந்திருந்தா இந்தக் கூத்தே இல்ல. நீதான் வேண்டாம்னுட்ட. உனக்கு வெக்கமா இருக்கும்னுதான்...”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“வெக்கமா? யாரு சொன்னா?” என்றாள். “அன்னிக்கு காத்துல உங்க வேட்டி படபடன்னு அடிச்சுதுங்கப்பா. வெள்ளையா தூரத்துலயே தெரிஞ்சுது. அப்பா வந்திருக்காங்க, தோத்துட்டா அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் கை நடுங்குச்சு. அதுல இருந்து வெள்ளையா எது ஆடுனாலும் எனக்கு நீங்கன்னே தோணும். அதான் வேண்டான்னேன். கண்ணுக்குத் தெரியாம நின்னீங்கன்னா ஆடிருவேன்னு நெனச்சேன்.”

பத்து வருஷமாகப் பெட்டி கட்டி வைத்திருந்தது என்னுடைய சரக்கே இல்லை. அவளும் ஒன்றைக் கட்டி வைத்திருந்திருக்கிறாள், அதில் இருந்ததும் நான்தான், ஆனால் நான் நினைத்த நான் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்னால் நின்றவர் நித்திலாவுக்குக் கைகொடுக்கத் திரும்பினார், காலரில் அந்தப் பிசிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, எட்டி அதைப் பிடித்து நறுக்கென்று அறுத்தேன். “தாங்க்யூ” என்றார் அவர், எதற்கென்று தெரியாமலே.

நித்திலா அந்த ஸ்டிக்கரைக் கசக்கிப் போடவில்லை. தன்னுடைய தொப்பியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள், எக்ஸெல் எக்ஸெல் என்று. தலைக்கு அது ரொம்பப் பெரிய சைஸ் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கமே கூட நடந்து வந்தவள், கயிறு முடிகிற இடத்தில் நின்றாள்.

“பெரிய ஆட்டம் அடுத்த மாசம் மைசூர்லங்கப்பா. அம்மாவயும் கூட்டீட்டு வாங்க” என்றாள். “வேட்டியே கட்டீட்டு வாங்க. முன்னாடி வந்து நில்லுங்க. நான் பழகிக்கறேன்.”

இடுப்புப் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு ரத்னாவுக்குப் போன் போட்டேன். பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்று சொன்னேன்.